வாடகை ஸ்னோஷூ, கல்யாண கேமரா: பேர் லேக்கில் ஒரு நாள்

பனியில் புதையாமல் நடக்கக் காலில் மாட்டிக்கொள்கிற ஸ்னோஷூ பற்றி எழுதப்பட்ட விமர்சனங்களை மகள் வீட்டில் உட்கார்ந்து நிறையவே படித்தேன். எவ்வளவு எடை, ஏற்றத்தில் எப்படிப் பிடிக்கிறது, எத்தனை மணி நேரம் நடந்தால் கால் வலிக்கும் என்றெல்லாம் பிரித்து மேய்ந்திருந்தார்கள். அதை மாட்டிக்கொண்டு ஒரே இடத்தில் இருபது நிமிஷம் நிற்க முடியுமா என்று நான் படித்த ஒருவரும் சொல்லவில்லை. படம் எடுப்பவனுக்கு முதலில் தெரிய வேண்டியது அதுதான். சரி, நாமே எழுதிவிடுவோம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

கோவில்பட்டியில் 31 வருஷம் ஸ்டூடியோ வைத்திருந்தவன் நான். கல்யாணம், காதுகுத்து, பள்ளிக்கூட குரூப் போட்டோ, பாஸ்போர்ட் சைஸ், எல்லாம். இப்போது வயது 61, ஸ்டூடியோவைத் தம்பி மகன் பார்த்துக்கொள்கிறான். மகள் இருப்பது அமெரிக்காவில், கொலராடோ மாநிலத்தின் டென்வரில். போன பிப்ரவரியில் போயிருந்தோம். என் மனைவி பேத்தியைப் பார்க்க வந்தாள், நான் மலையைப் பார்க்க வந்தேன். இதை அவள் படிக்காமல் இருக்க வேண்டும்.

டென்வரிலிருந்து ஒன்றரை மணி நேரக் கார் பயணத்தில் எஸ்டெஸ் பார்க் என்று ஒரு சிற்றூர். அதை ஒட்டித்தான் ராக்கி மவுண்டன் தேசியப் பூங்கா, 1915-இல் அமைத்தது. அதன் மேலே போகும் பெரிய மலைச்சாலையைக் குளிர்காலத்தில் பனி மூடிவிடுகிறது. ஆனால் பேர் லேக், அதாவது கரடி ஏரி வரை போகும் சாலையில் பனியை வழித்துத் திறந்தே வைத்திருக்கிறார்கள். அங்கே காரை நிறுத்திவிட்டு நடந்தால் நிம்ஃப் லேக், ட்ரீம் லேக், எமரால்டு லேக் என்று மூன்று ஏரிகள் ஒன்றன்மேல் ஒன்றாக வரும். போக வரச் சுமார் 5.5 கிலோமீட்டர்தான். எங்கள் ஊரில் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டு வருகிற மாதிரி ஒரு கணக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

நினைப்புதான். காரை நிறுத்துகிற இடமே 9,450 அடி. தென்னிந்தியாவிலேயே உயரமான ஆனைமுடி 8,842 அடி. நாம் ஆனைமுடியின் தலைக்கு மேல் வண்டியை நிறுத்திவிட்டு, அங்கிருந்து ஏற ஆரம்பிக்கிறோம். 10,000 அடியில் காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதைவிடக் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு குறைவு. வந்து இறங்கிய மறுநாளே கிளம்பியிருந்தால் பாதி வழியில் தலைவலியோடு திரும்பியிருப்பேன். டென்வரே 5,280 அடி என்பதால், இரண்டு வாரம் அங்கே சாப்பிட்டுத் தூங்கியதில் உடம்பு கொஞ்சம் பழகியிருந்தது.

ஸ்னோஷூவை எஸ்டெஸ் பார்க்கில் ஒரு கடையில் வாடகைக்கு எடுத்தோம். கடையின் பெயரைப் போடவில்லை. ஒரு குறை சொல்லப் போகிறேன், அது அன்றைக்கு ஒரு நாள் நடந்த கவனக்குறைவாகவும் இருக்கலாம். ஒரு ஜோடி ஸ்னோஷூ, இரண்டு ஊன்றுகோல், எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 20 டாலருக்குள் முடிந்துவிட்டது. கல்லாவில் இருந்த பையன் முதலில் கேட்டது என் செருப்பு அளவை இல்லை, என் எடையை. 74 கிலோ என்றேன். முதுகுப்பையோடா, பை இல்லாமலா என்று கேட்டான். அந்தக் கேள்வியிலேயே எனக்கு அவன்மேல் மரியாதை வந்துவிட்டது. பையை வாங்கித் தராசில் வைத்துப் பார்த்தான், 7 கிலோ. அதற்கப்புறம்தான் 25 அங்குல ஜோடியை எடுத்துக்கொடுத்தான். எடை கூடக் கூட நீளம் கூட வேண்டும், இல்லாவிட்டால் பனியில் இறங்கிவிடும். பூட்ஸ் எந்த அளவாக இருந்தாலும் பட்டையை இழுத்து மாட்டிக்கொள்ளலாம்.

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். நீள்வட்டமாக ஒரு கெட்டியான பிளாஸ்டிக் தட்டு. அடியில் இரும்புப் பற்கள். நடுவில் கால் வைக்கும் இடம், பூட்ஸின் முன்பாதியை மட்டும் மூன்று ரப்பர் பட்டைகளால் இறுக்கிக் கட்டும். குதிகால் கட்டப்படாமல் தூக்கி இறக்க வசதியாக இருக்கும், பெருவிரலுக்குப் பக்கத்தில் கீல் வைத்த மாதிரி. நடக்கும்போது குதிகால் எழும்பும், தட்டின் வால் பனியில் இழுபட்டுக்கொண்டே வரும். நாற்று நடுவதற்கு முன்னால் சேற்றில் பரம்படிப்பதைப் பார்த்திருப்பீர்கள். தரையில் நிற்பவன் முழங்கால் வரை புதைவான், பரம்புப் பலகையில் ஏறி நிற்பவன் மிதப்பான். அதே சங்கதிதான், காலுக்கு ஒரு பலகை.

குதிகாலுக்குக் கீழே மடக்கி வைத்த ஒரு கம்பி உண்டு. செங்குத்தான ஏற்றத்தில் அதை நிமிர்த்திவிட்டால் குதிகால் அதன்மேல் உட்காரும், கெண்டைக்கால் இழுக்காது. நிம்ஃப் லேக்குக்கும் ட்ரீம் லேக்குக்கும் நடுவில் இதை நிமிர்த்தினேன். படிக்கட்டு ஏறுகிற மாதிரி ஆகிவிட்டது. வாடகைக்கு எடுப்பவர்கள் இந்தக் கம்பி இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். சமதளத்துக்கான மலிவு ஜோடிகளில் இருக்காது.

காலை எட்டு மணிக்கு வண்டி நிறுத்துமிடத்தில் மைனஸ் 12 டிகிரி. சனிக்கிழமை, அதற்குள் பாதி இடம் நிரம்பியிருந்தது. நான், மகள், மாப்பிள்ளை, மூன்று பேர். என் மனைவி பேத்தியோடு வீட்டிலேயே இருந்துவிட்டாள், புத்திசாலி.

முதல் அரை மணி நேரத்தில் ஸ்னோஷூவுக்குக் கொடுத்த காசு தண்டம் என்றே தோன்றியது. பாதையில் நிறையப் பேர் நடந்து நடந்து பனி சிமெண்டுத் தளம்போல இறுகியிருந்தது. பூட்ஸின் மேலே ரப்பர் வளையத்தோடு முள்சங்கிலி மாட்டியவர்கள் சரசரவென்று எங்களைத் தாண்டிப் போனார்கள். நாங்கள் பிளாஸ்டிக் பக்கெட்டைத் தரையில் இழுக்கிற மாதிரி டடக் டடக் என்று போய்க்கொண்டிருந்தோம். அந்தச் சத்தம் பெரிய குறை. பக்கத்து மரத்தில் ஒரு பறவை உட்கார்ந்தால் பத்து அடி நெருங்குவதற்குள் பறந்துவிடுகிறது. அங்கே கனடா ஜே என்று சாம்பல் நிறத்தில் ஒரு பறவை, அது மட்டும் பயப்படவில்லை, கிட்டே வந்து கையில் என்ன இருக்கிறது என்று பார்க்கிறது. பூங்காவுக்குள் எந்த உயிருக்கும் தீனி கொடுக்கக் கூடாது என்பது சட்டம், நாங்கள் கொடுக்கவில்லை. பார்த்துவிட்டுக் கோபித்துக்கொண்டு போய்விட்டது.

பாதையை விட்டு ஓரடி விலகியதும்தான் கதை மாறியது. நிம்ஃப் லேக்குக்குச் சற்று முன்னால் இரண்டு மரங்களுக்கு நடுவே வெயில் சாய்ந்து விழுந்துகொண்டிருந்தது. முள்சங்கிலிக்காரர் ஒருவர் செல்போனோடு அந்தப் பக்கம் காலை வைத்தார், தொடை வரை உள்ளே போனார். அவரை இழுத்து எடுக்க அவர் மனைவிக்கு இரண்டு நிமிஷம் ஆயிற்று. நான் அதே இடத்துக்குப் பக்கத்தில் போய் நின்றேன். ஒரு சாண் இறங்கியது, அவ்வளவுதான். பாதையிலேயே நிற்பவனுக்குப் பாதையில் எடுக்கும் படம்தான் கிடைக்கும், எல்லாரும் எடுத்துவைத்திருக்கிற அதே படம். எனக்கு ஸ்னோஷூ கைகொடுத்தது இப்படி விலகிப் போகத்தான்.

அங்கேதான் விழவும் விழுந்தேன்.

கல்யாண வீட்டில் 31 வருஷம் நான் செய்த ஒரே உடற்பயிற்சி பின்னால் நடப்பது. மாலை மாற்றும்போது ஒரு அடி பின்னால், குரூப்பில் சித்தப்பா வந்து சேர்ந்தால் இரண்டு அடி பின்னால். கண் வியூஃபைண்டரில் இருக்கும்போதே கால் தானாகப் போகும். இங்கேயும் மரத்தின் உச்சி ஃபிரேமில் வெட்டுப்பட்டது, கால் தன் வேலையைச் செய்தது. ஸ்னோஷூவில் பின்னால் நடக்கவே முடியாது. காலைத் தூக்கினால் வால் தொங்குகிறது, பின்னால் வைத்தால் அது பனியில் குத்தி நிற்கிறது, உடம்பு மட்டும் போய்க்கொண்டே இருக்கிறது. கேமராவைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு மல்லாக்க விழுந்தேன். "மாமா! அசையாதீங்க!" என்று மாப்பிள்ளை ஓடிவந்தார். கேமராவுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று நான் கேட்டதைத்தான் மகள் ஊருக்கெல்லாம் போன் போட்டுச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

எழுந்திருப்பதுதான் பெரும்பாடு. கையை ஊன்றினால் தோள் வரை உள்ளே போகிறது. இரண்டு ஊன்றுகோலையும் குறுக்காகப் பனியில் படுக்கவைத்து, அதன்மேல் கையை வைத்து அழுத்தி எழ வேண்டும். மாப்பிள்ளைதான் சொல்லிக்கொடுத்தார். பின்னால் போக வேண்டுமானால் சின்னச் சின்ன அடியாக வைத்து வட்டமடித்துத் திரும்பி, நடந்து போய், மறுபடி திரும்ப வேண்டும். ஒரு படத்துக்கு ஒரு பிரதட்சிணம். அதனால் நிற்பதற்கு முன்பே எங்கே நிற்பது என்று முடிவு செய்யப் பழகினேன். ஜூம் லென்ஸ் கொண்டுபோனது நல்லதாயிற்று. நிக்கான் டி750, 24-120 லென்ஸ், இரண்டும் சேர்த்து ஒன்றரைக் கிலோ. கல்யாணத்துக்கு எடுத்துப்போன அதே ஜோடிதான், பழைய பட்டையை வைத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். ஏறும்போது குனிந்தால் அது ஊஞ்சல் ஆடி மூக்கில் இடித்தது. தோளில் கிடந்த காசித்துண்டால் நெஞ்சோடு சேர்த்து ஒரு கட்டுக் கட்டினேன், சரியாகிவிட்டது.

சரி, நிற்பதற்கு வருகிறேன். சமமான பனியில் நிற்க ஸ்னோஷூவைப் போல ஒன்று கிடையாது. காலை அகட்டி வைத்தால் மணைப் பலகைமேல் நின்ற மாதிரி. பாதத்துக்கும் பனிக்கும் நடுவில் தட்டு இருப்பதால் சில்லிப்பும் மெதுவாகத்தான் ஏறுகிறது. சரிவில் பக்கவாட்டில் நிற்கும்போதுதான் பிசகுகிறது. பிளாஸ்டிக் தட்டின் விளிம்பு வழுவழுப்பு, மெதுவாகக் கீழே நழுவுகிறது. சுற்றிலும் பல் வைத்த உலோகச் சட்டம் உள்ள ஜோடிகள் கடையில் மாட்டியிருந்தன, வாடகை கொஞ்சம் அதிகம். அடுத்த தடவை கேமராவோடு போனால் அதைத்தான் எடுப்பேன்.

நான் எதிர்பார்க்காத ஒன்று, முழங்காலிடுவது. தாலி கட்டும்போது மணமேடைக்குக் கீழே ஒரு முழங்காலை ஊன்றி உட்கார்வோமே, அந்த உட்கார்வு. குதிகால் கட்டப்படாததால் பின்கால் பூட்ஸ் தட்டிலிருந்து எழும்பிக்கொள்கிறது, தட்டு பனியிலேயே படுத்துக்கிடக்கிறது. சுகமாக உட்காரலாம். பனிமேட்டின் அலை அலையான விளிம்பைத் தாழ்வாக வைத்து எடுத்த நான்கைந்து படங்கள் இப்படித்தான் கிடைத்தன.

டிரைபாட் கொண்டுபோனேன், மாப்பிள்ளை வேண்டாம் என்றுதான் சொன்னார். புதுப்பனியில் நிறுத்தியதும் மூன்று காலும் மூன்று ஆழத்துக்கு இறங்கின. காலை முழுதாக விரித்துக் கீழே அழுத்தினால் முறிந்துவிடும் என்று பயம். அப்புறம் ஒரு வழி கண்டேன். ஸ்னோஷூவாலேயே ஒரு பாய் அகலத்துக்குத் தரையில் திமிசு போடுகிற மாதிரி மிதித்து, ஐந்து பத்து நிமிஷம் சும்மா விட்டுவிட வேண்டும். மிதிபட்ட பனி தனக்குள்ளேயே ஒட்டிக்கொண்டு இறுகிவிடுகிறது. அதற்குள் நாமும் மூச்சு வாங்கி முடித்திருப்போம். அதன்மேல் டிரைபாட் அசையாமல் நின்றது. காலில் நடப்பதற்காக மாட்டிய சாமான் கேமராவுக்குத் தரை போட்டுக் கொடுத்தது.

மூச்சைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏறி நின்றவுடன் எடுத்த படங்கள் எல்லாமே லேசாக ஆடியிருக்கின்றன. கை நடுங்கவில்லை, நெஞ்சு அடித்ததில் கேமராவும் சேர்ந்து அடித்திருக்கிறது. கண்ணை வியூஃபைண்டரில் வைத்தால் நாடித்துடிப்பைக் கண்ணால் பார்க்கலாம். நின்று, நூறு எண்ணி, மூச்சு விட்டு முடிகிற இடத்தில் பொத்தானை அமுக்கினால்தான் கூர்மை வருகிறது. அந்த மூச்சை வியூஃபைண்டர் மேலேயே விட்டால் அது பனியாக உறைந்துவிடும். முகத்தைத் திருப்பி விட்டுக்கொள்ளுங்கள்.

ட்ரீம் லேக் 9,900 அடி. ஒடுக்கமாக, நீளமாக இருக்கிறது. தலைமாட்டில் 12,713 அடி உயர ஹாலெட் சிகரம் சுவர்போல நிற்கிறது. காற்று அந்தப் பள்ளத்தாக்கிலிருந்து நேராக ஏரிமேல் இறங்குகிறது. காற்றென்றால், எங்கள் பக்கத்து ஆடிக்காற்று இதற்குத் தம்பி மகன். ஏரியின் மேலிருந்த பனியை ஊதித் தள்ளிவிட்டு வெறும் உறைநீரைப் பளிங்குபோலத் துடைத்து வைத்திருந்தது. உள்ளே வெள்ளை விரிசல்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடின. மேலே நிறையப் பேர் நடந்துகொண்டிருந்தார்கள். தண்ணீர் உள்ளே வருகிற வாயிலும் வெளியே போகிற வாயிலும் பனிக்கட்டி மெலிதாக இருக்கும் என்பதால் நாங்கள் கரையோரமே போனோம். வெறும் பனிக்கட்டிமேல் ஸ்னோஷூப் பற்கள் கண்ணாடியில் ஆணி கீறுகிற சத்தம் போடும், பல் கூசும்.

கரையில் காற்றுக்குத் திருகிப்போன பைன் மரங்கள் இருக்கின்றன. அங்கே ஒரு மணி நேரம் நின்றேன். இந்தப் பயணத்தில் காசு கொடுத்து வாங்கியது அந்த ஒரு மணி நேரத்தைத்தான். வெயில் நேராக இருந்தது, வானம் நம் ஊரில் பார்க்காத கருநீலம். வானத்தின் நீலத்தை அடர்த்தியாக்கும் போலரைசர் ஃபில்டரைப் போட்டுத் திருப்பினேன், கறுப்பு மை கொட்டிய மாதிரி ஆகிவிட்டது, கழற்றிவிட்டேன். அந்த உயரத்தில் அது தேவையே இல்லை. போலரைஸ்டு கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தால் கேமராவின் பின்திரையும் சில கோணத்தில் இருண்டு போகிறது. கண்ணாடியைக் கழற்றவும் முடியாது. உயரம் 1,000 மீட்டர் கூடினால் புற ஊதாக் கதிர் 10 சதவீதம் போலக் கூடுகிறது. அதில் பெரும்பகுதியைப் பனி நம் முகத்துக்கே திருப்பி அனுப்புகிறது. மோவாய்க்கு அடியில் எனக்குத் தோல் கறுத்ததே அப்படித்தான். அங்கேயும் கிரீம் தடவ வேண்டும் என்று யாருக்குத் தெரியும்?

வெளிச்ச அளவில் மட்டும் எனக்குக் கஷ்டமே இல்லை. மாப்பிள்ளை எடுத்த பனியெல்லாம் சாம்பலாக, அழுக்கு வேட்டி நிறத்தில் வந்திருந்தது. "என்ன மாமா, மேகமே இல்லாம மூட்டமா தெரியுது?" என்றார். கேமராவின் மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் என்றே நினைக்கும். மத்தியான வெயிலில் வெள்ளை வேட்டி சட்டையில் இருபது பெரியவர்களை வரிசையாக நிறுத்தி எடுத்தவனுக்கும், சர்ச் கல்யாணத்தில் வெள்ளை கவுன் எடுத்தவனுக்கும் இது பாலபாடம். ஒரு ஸ்டாப்பிலிருந்து ஒன்றரை ஸ்டாப் வரை கூட்டி வையுங்கள் என்றேன் (ஒரு ஸ்டாப் கூட்டினால் வெளிச்சம் இரண்டு மடங்கு). நிழல்கள் நீலமாக வருவதைச் சரிசெய்ய வேண்டாம், அது அப்படித்தான். நிழலுக்கு வெளிச்சம் கொடுப்பது வானம்தானே. திரையை நம்பாதீர்கள், பனி வெளிச்சத்தில் எல்லாம் இருட்டாகத்தான் தெரியும். ஹிஸ்டோகிராம், அதாவது கேமரா காட்டும் வெளிச்ச வரைபடம், வலது சுவரைத் தொடாமல் அதற்கு முன்னால் நிற்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

அந்த நேரத்தில்தான் மாப்பிள்ளையின் புதுக் கேமரா அணைந்தது. பேட்டரி 60 சதவீதம் காட்டிக்கொண்டிருந்தது, அடுத்த நிமிஷம் செத்துவிட்டது. குளிரில் பேட்டரிக்குள் நடக்கிற ரசாயன வேலை மந்தமாகிவிடும், மின்சாரம் உள்ளேயே இருந்தாலும் வெளியே வராது. கழற்றி அக்குளில் பத்து நிமிஷம் வைத்துக்கொள்ளச் சொன்னேன், உயிர் வந்தது. நான் மாற்று பேட்டரியை உள்சட்டைப் பையில் வைத்திருந்தேன். ஸ்டூடியோவில் நான் முதலில் வைத்திருந்த நிக்கான் எஃப்எம்2-வுக்கு மீட்டருக்கு மட்டும்தான் பேட்டரி, ஷட்டர் முழுக்க இயந்திரம். மாப்பிள்ளை அக்குளில் கையை வைத்துக்கொண்டு நிற்கும்போது அதைச் சொல்லியிருக்க வேண்டாம்தான்.

சாப்பாட்டுப் பகுதிக்கு மதிப்பெண் இல்லை. மகள் கட்டிக்கொடுத்த புளியோதரை, பைக்குள் இருந்தும் கட்டியாகிவிட்டது. ஊரிலிருந்து கொண்டுபோன கடலை மிட்டாய் கருங்கல் ஆகிவிட்டது, என் கடைவாய்ப் பல் ஒன்று இன்னும் கோபத்தில் இருக்கிறது. வாயில் ஒதுக்கிக்கொண்டு நடந்தால் அரை மணி நேரத்துக்குத் தாங்குகிறது, அந்த விதத்தில் ஏற்றத்துக்கு நல்ல பண்டம். பிளாஸ்கில் கொண்டுபோன சுக்குக் காப்பி மட்டும் சூடாக இருந்தது.

ட்ரீம் லேக்கிலிருந்து எமரால்டு லேக் போகும் வழியில் நான் கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டேன். இரண்டு பக்கமும் செங்குத்தான சரிவு. பனிச்சரிவு அபாயத்தைக் கொலராடோ பனிச்சரிவுத் தகவல் மையம் தினமும் 1 முதல் 5 வரை எண் போட்டுச் சொல்கிறது. காலையில் மகள் அதைப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தாள். அன்று 2. மூன்றாக இருந்தால் ட்ரீம் லேக்கோடு திரும்புவது என்று வீட்டிலேயே பேசி வைத்திருந்தோம். பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி வரையுள்ள சரிவில்தான் பனி சறுக்கி இறங்கும். அப்படிப்பட்ட சரிவுக்குக் கீழே போகும்போது இடைவெளி விட்டு, நிற்காமல் போக வேண்டும். "அப்பா, இங்க நின்னு படம் எடுத்தா நான் பேசவே மாட்டேன்" என்றாள். அந்த நாளில் நான் நிற்காத ஒரே இடம் அது. ஸ்னோஷூவில் வேகமாகப் போகவும் முடியும் என்று அங்கேதான் தெரிந்தது.

எமரால்டு லேக் 10,100 அடியைத் தாண்டிய இடம். பாதை அங்கே முடிந்துவிடுகிறது. மூன்று பக்கமும் பாறை, காற்று இன்னும் மோசம், கிளம்பிய பனித்தூள் கண்ணில் ஊசியாகக் குத்தியது. பத்து நிமிஷம் இருந்தோம். பெயரில்தான் மரகதம், குளிர்காலத்தில் வெள்ளைதான். ஒரு படம் எடுத்தேன், மகளும் மாப்பிள்ளையும் நிற்கிற மாதிரி. கல்யாண ஆல்பத்துக்கு அப்புறம் இருவரையும் சேர்த்து நான் எடுத்த முதல் படம் அது. மாப்பிள்ளை இந்த முறையும் கண்ணை மூடியிருக்கிறார்.

இறக்கத்தில் இன்னொன்று தெரிந்தது. மதிய வெயிலில் பனி கொஞ்சம் இளகியதும் அடியில் இருக்கும் பற்களுக்கு நடுவே அப்பிக்கொள்கிறது. மழை பெய்த மறுநாள் கரிசல் காட்டில் நடந்தால் செருப்புக்குக் கீழே இன்னொரு செருப்பு முளைக்குமே, அதே கதை. இருபது அடிக்கு ஒரு தடவை ஊன்றுகோலால் தட்டிவிட வேண்டும்.

ஊன்றுகோலைச் சொல்லும்போது அந்தக் குறை. கோலின் நுனியில் ஒரு வட்டத் தட்டு இருக்கும், பனியில் அது இறங்காமல் தாங்குவதற்கு. பனிக்கென்று உள்ளங்கை அகலத்தில் தட்டுகள் உண்டு. எனக்குக் கொடுத்த கோல்களில் இருந்தவை கோடைக்காலத் தட்டு, பத்து ரூபாய் நாணயம் அளவு இருந்தால் அதிகம். இறுகிய பாதையில் தெரியவில்லை. பாதையை விட்டு விலகி நின்று கோலில் சாயும்போதெல்லாம் கைப்பிடி வரை உள்ளே போய்விட்டது. நான் விழுந்த இரண்டாவது, மூன்றாவது முறைக்கு இதுதான் காரணம். ஆமாம், மூன்று முறை. மகள் வீட்டில் இரண்டு என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன்.

காரில் ஏறுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய ஒரு வேலை. தூத்துக்குடிப் பக்கம் ஏசி காரிலிருந்து இறங்கி மண்டபத்துக்குள் போனால் லென்ஸ் முழுக்க ஆவி படிந்துவிடும், முகூர்த்தத்துக்கு முன்னால் துடைத்துத் துடைத்து உயிர் போகும். இங்கே காருக்குள் ஏறும்போது அதே கூத்து. கேமராவை வெளியிலேயே ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போட்டு மூடி, வீட்டுக்கு வந்து இரண்டு மணி நேரம் கழித்துத் திறந்தேன். கார்டை முன்கூட்டியே கழற்றி வைத்துக்கொண்டதால் படம் பார்க்கவும் காத்திருக்கவில்லை. மாப்பிள்ளைக்குப் பொறுமை போதவில்லை, ஹீட்டர் ஓடுகிற காரில் அப்படியே எடுத்துப் பார்த்தார். சாயந்திரம் வரை அவர் லென்ஸ் பால் ஊற்றிய மாதிரி இருந்தது.

ஐந்து மணிக்குக் கடை மூடுகிறார்கள், நாலே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தோம். ஸ்னோஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, பட்டைகளை இழுத்துப் பார்த்து, சரி என்றான் அதே பையன். ஸ்னோஷூவில் எனக்கு ஒரு குறையும் இல்லை, இந்தக் கோல்தான் இரண்டு தடவை கவிழ்த்துவிட்டது என்று தட்டைக் காட்டினேன். குனிந்து பார்த்தான். காது சிவந்துவிட்டது. காலையில் கோலை எடுத்துக் கொடுத்தது தான் இல்லை, இருந்தாலும் மன்னிக்க வேண்டும் என்றான். கோலுக்கான வாடகையைக் கழித்துப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தான். பணத்தை எடுக்க அவன் இழுப்பறையைத் திறந்தபோது, அதற்குப் பக்கத்திலேயே ஒரு டப்பா நிறைய உள்ளங்கை அகலத் தட்டுகள் இருந்தன. அவனும் பார்த்தான், நானும் பார்த்தேன்.